மையித்தைக் குளிப்பாட்ட மஹல்லாவுக்குள்ளேயே கைகள் வேண்டும்: திருகோணமலை மாவட்டப் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நம்பிக்கைப் பொறுப்பாளர்களுக்கும் கதீப்மார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.

புல்மோட்டையிலிருந்து தோப்பூர் வரை நம் ஊர்களில் ஒருவர் மௌத்தானால் (இறந்தால்), பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தல் முடிவதற்குள் மூன்று அழைப்புகள் போய்விடுகின்றன. கப்று (புதைகுழி) வெட்டுகிறவருக்கு ஒன்று, உடலைச் சுற்றும் கபன் துணிக்கு ஒன்று, குளிப்பாட்டுகிறவருக்கு ஒன்று. முதல் இரண்டுக்கும் ஆள் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு, அதுவும் மௌத்தானவர் பெண்ணாக இருந்து நேரமும் நள்ளிரவு தாண்டியிருந்தால், பக்கத்து ஊருக்கு வாகனம் அனுப்ப வேண்டியிருக்கிறது. வாகனம் திரும்பும் வரை மையித்து, அதாவது இறந்தவரின் உடல், விறைத்துக்கொண்டே போகிறது.

குளிப்பாட்டல், கபனிடல், தொழுகை, அடக்கம் ஆகிய நான்கும் பர்ளு கிபாயா என்பதை மிம்பரடியில் உட்கார்ந்து கேட்காதவர் யாருமில்லை. சிலர் செய்தால் மற்றவர் மீதுள்ள கடமை நீங்கும் என்று பொருள் சொல்கிறோம். அந்தச் 'சிலர்' ஒரு மஹல்லாவில், அதாவது ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பில், முதுகு கூனிய இரண்டு உம்மம்மாக்களும் தொழுகைக்கு அழைக்கும், கண்பார்வை மங்கிய ஒரு மோதினாரும்தான் என்றால், அவர்களுக்குப் பிறகு யார்? ஒருவரும் செய்யாவிட்டால் தெரிந்திருந்த எல்லோருமே குற்றவாளிகள் என்பதும் அதே சட்டத்தின் மறுபாதி. ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். வருகிற மாரிக்கு முன், ஒவ்வொரு பள்ளிவாசலின் கீழும் மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிடத் தெரிந்த நான்கு ஆண்களும் ஆறு பெண்களும் இருக்க வேண்டும். பெண்களில் இருவர் கூடுதலாக வேண்டியதற்குக் காரணம் உண்டு. கைக்குழந்தை, வீட்டு நோயாளி, இத்தா (கணவனை இழந்தவர் வீட்டிலிருக்கும் காலம்) என்று எந்த நேரத்திலும் சிலரால் வீட்டை விட்டு வர முடியாது.

2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டின் பெயரால் நம் ஜனாஸாக்கள் (இறந்தோரின் உடல்கள்) எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க வழி திறந்தபோதும், பிள்ளைகள் தங்கள் தாய் தகப்பனைக் கழுவ முடியவில்லை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றக் கிடைக்காதா என்று ஏங்கிய சமூகம் நாம். இன்று தடை எதுவும் இல்லாதபோது, மகனும் மகளும் முற்றத்தில் கதிரையில் இருக்க, தெரியாத கைகள் உள்ளே கழுவுவதை எப்படி ஏற்பது?

இந்த அறிவைப் பெண்களிடமிருந்தே மார்க்கம் நமக்குத் தந்திருக்கிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மகள் வபாத்தானபோது குளிப்பாட்டிய பெண்களில் ஒருவர் உம்மு அதிய்யா ரலியல்லாஹு அன்ஹா. மூன்று முறை, ஐந்து முறை, தேவையென்று கண்டால் அதைவிடவும் கூடுதலாக, தண்ணீராலும் இலந்தையாலும் கழுவுங்கள், கடைசியில் கற்பூரம் சேருங்கள், வலப்பக்கத்தையும் வுழூ (தொழுகைக்கு முன் கழுவும்) உறுப்புகளையும் கொண்டு தொடங்குங்கள் என்ற வழிகாட்டல் அவர் வழியாகவே புஹாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் (நபிமொழி) நூல்களில் பதிவாகியுள்ளது. முதல் கலீபா அபூபக்ர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களைக் குளிப்பாட்டியவர் அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ். நாம் பின்பற்றும் சட்ட வழியான ஷாபிஈ மத்ஹபில் கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் குளிப்பாட்டலாம். ஆனால் 'மௌத்தோடு நிக்காஹ் (திருமணம்) அறுந்துவிட்டது, தொடாதே' என்று மனைவி இழந்தவரை வாசலிலேயே தடுத்துவிடுகிறார்கள். மாதவிடாய்க்காரி மையித்துக்குக் கிட்டப் போகக்கூடாது என்பதும் அப்படித்தான். மாதவிடாயில் இருப்பவள் குளிப்பாட்டுவது மக்ரூஹ் (விரும்பத்தகாதது) கூட இல்லை என்று நம் மத்ஹப் நூல்கள் சொல்கின்றன. இந்த இரண்டையும் ஒரு ஜும்ஆவில், அதாவது வெள்ளித் தொழுகை உரையில், கதீப் விளக்கிச் சொன்னாலே உதவும் கைகள் இரட்டிப்பாகும்.

பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது, குளிப்பாட்டும் ஆள் வருவதற்கு முந்திய முதல் ஒரு மணி நேரம். அது வீட்டாரின் வேலை. உயிர் பிரிந்ததும் கண்களை மூட வேண்டும். அகலமான துணியொன்றைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சியில் முடிய வேண்டும். முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும், முழங்காலையும் விரல்களையும் அப்படியே. உடுத்த உடுப்பைக் களைந்து மெல்லிய துணியால் மூட வேண்டும். வயிற்றின்மேல் சிறு பாரம் ஒன்றை வைத்து, தரையில் விடாமல் கட்டிலில் கிடத்த வேண்டும். விறைப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் தாடையிலும் கழுத்திலும் தொடங்கிக் கை கால்களுக்கு இறங்கும். நம் வெயிலில் அது இன்னும் வேகம். முதல் மணி நேரம் அழுகையிலேயே போய்விட்டால் வாய் திறந்தபடியும் கை மடங்கியபடியும் நின்றுவிடும். அப்போது சிலர் பலங்கொண்டு இழுக்கிறார்கள். மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்று ஹதீஸ் இருக்கிறது. விறைத்த மூட்டை ஈரத் துணியால் ஒற்றி, மெதுவாகப் பிடித்து அசைத்தால் இளகும். இளகாவிட்டால் இருந்தபடியே கபனிடலாம்.

குளிப்பாட்டும் மேசை ஆறரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டதாக, கால்பக்கம் மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். மட்டமான மேசையில் தண்ணீர் முதுகுக்குக் கீழே தேங்கிக் கழுவிய அழுக்கைத் திரும்பப் பூசும். நான்கு பக்கமும் மறைப்பு, மேலே கூரை. உள்ளே குளிப்பாட்டுகிறவர், ஊற்றிக் கொடுக்க ஒருவர், புரட்ட ஒருவர், பொறுப்பான உறவினர் ஒருவர். இதற்குமேல் தலைகள் வேண்டாம். தொலைபேசி வெளியே இருக்கட்டும். தொப்புளிலிருந்து முழங்கால் வரை மூடும் துணி தடித்ததாக, நிறமுள்ளதாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணி நனைந்தால் மறைக்காது, காட்டும்.

தண்ணீர் எண்பது முதல் நூறு லீற்றர் ஒரு மையித்துக்குத் தாராளம். பச்சைத் தண்ணீரே நல்லது, உடம்பை இறுக வைக்கும். அழுக்கு போகாவிட்டால் மட்டும் இளஞ்சூடு. குழாயை நேரே பிடித்து அழுத்தமாக அடிக்கக் கூடாது, குவளையால் ஊற்றுங்கள். கிணற்று நீர் உவர் என்று தயங்க வேண்டாம், கடல்நீரே தூய்மையானதுதான். இலந்தை நம் பற்றைக்காடுகளில் தானாக வளர்கிறது. இலையை நிழலில் காயவைத்து இடித்துச் சலித்து, மூடி இறுகும் தகரத்தில் வையுங்கள். ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடி போட்டுக் கலக்கினால் நுரை வரும், அந்த நுரைதான் தலைக்கும் தாடிக்கும்.

மையித்தைச் சற்றுப் பின்சாய்வாக உட்காரவைத்து, வலக்கையைத் தோளிடையில் கொடுத்துப் பெருவிரலைப் பிடரிக் குழியில் வைத்துத் தலை சரியாமல் தாங்கி, முதுகை வலது முழங்காலில் சாய்த்து, இடக்கையால் வயிற்றைத் தடவி அழுத்த வேண்டும். உள்ளே இருப்பது அப்போதே வெளியேறினால் கபனில் வராது. அந்த நேரம் சாம்பிராணி புகையட்டும், ஒருவர் இடைவிடாமல் தண்ணீர் ஊற்றட்டும். கர்ப்பிணியின் வயிற்றை மட்டும் அழுத்தவே கூடாது. பிறகு படுக்கவைத்து, இடக்கையில் துணி சுற்றி முன்பின் துவாரங்களைக் கழுவி, அந்தத் துணியை எறிந்துவிட்டு வேறு துணி எடுக்க வேண்டும். இங்கேதான் தவறு நிறைய நடக்கிறது. கீழே கழுவிய அதே கையுறையோடு வாயைத் துடைத்துவிடுகிறார்கள். ஒரு மையித்துக்குக் குறைந்தது மூன்று சோடி கையுறை வையுங்கள்.

பல்லையும் மூக்கையும் ஈரத் துணி விரலால் துடைத்து, வுழூச் செய்து, தலையையும் தாடியையும் இலந்தை நீரால் கழுவி, பல் அகன்ற சீப்பால் மெதுவாக வார வேண்டும். உதிர்ந்த முடி கபனுக்குள் போக வேண்டும். பெண்ணின் கூந்தல் மூன்று பின்னலாகிப் பின்னால் விடப்படும். அடுத்து முன்புறத்தின் வலம், முன்புறத்தின் இடம், பின் இடப்பக்கமாகச் சரித்து முதுகின் வலம், வலப்பக்கமாகச் சரித்து முதுகின் இடம். குப்புறப் போடக் கூடாது. இலந்தை கலந்து ஊற்றியது கடமையான குளிப்பில் சேராது. நிறமும் நுரையும் போக ஒரு முறை ஊற்றி, அதற்குப் பின் வெறுந்தண்ணீர் தலையிலிருந்து கால் வரை ஓட வேண்டும். அதுதான் கணக்கு. இலந்தை நீரோடு துடைத்துக் கபனிட்டுவிட்டால் குளிப்பு நிறைவேறவில்லை. கடைசி ஊற்றில் சிறிது கற்பூரம் சேரும், இஹ்ராமில் (ஹஜ், உம்ரா நிலையில்) மௌத்தானவருக்கு மட்டும் இல்லை. கற்பூரத்தைக் கட்டியாகப் போட்டால் மேலே மிதந்துகொண்டேயிருக்கும். பொடியாக்கிக் கலக்குங்கள். நகம் வெட்டுவதும் முடி களைவதும் வேண்டாம்.

குளிப்பு முடிந்த பிறகு ஏதாவது கசிந்தால், பலர் பதறி முழுவதையும் திரும்பத் தொடங்குகிறார்கள். நம் மத்ஹபில் அந்த நஜீஸை (அசுத்தத்தை) நீக்கினால் போதும். மையித்தை மீண்டும் மீண்டும் புரட்டுவதால்தான் கசிவே கூடுகிறது.

வைத்தியசாலையிலிருந்து வரும் மையித்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஊசிக் குழாய், சிறுநீர்க் குழாய், பிளாஸ்டர் எல்லாம் முன்பே எடுக்கப்பட வேண்டும். குழாய் எடுத்த துளையில் பஞ்சு வைத்து நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். பிரேத பரிசோதனை முடிந்து வந்த மையித்தை உட்காரவைக்கவோ வயிற்றை அழுத்தவோ கூடாது, தையல் விடும். தையல்மேல் ஊற்றுவது மெல்லியதாக இருக்கட்டும். கபனுக்கும் உடம்புக்கும் இடையில் தையல் இடத்தில் தடித்த பஞ்சுப் படை வையுங்கள்.

கடலும் களப்பும் உள்ள மாவட்டம் இது. 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்ததையும் கண்ட ஊர்களுக்கு, நீரில் மூழ்கியவரைக் கழுவும் முறை தெரிந்திருக்க வேண்டும். மூழ்கியவர் மறுமையின் ஷஹீத் (தியாகி), ஆனாலும் குளிப்பு உண்டு. 'தண்ணீரில் கிடந்ததே போதும்' என்பது சரியல்ல. ஒன்றிரண்டு நாள் நீரில் கிடந்த உடலில் தோல் கழன்று வரும், தேய்க்காதீர்கள், ஊற்ற மட்டும் செய்யுங்கள். ஊற்றினாலும் சிதையுமென்றால் தயம்மும் (தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் முகத்தையும் கைகளையும் தடவுதல்). பெண்ணின் மையித்துக்குப் பெண்ணோ கணவனோ மஹ்ரமோ (மணமுடிக்க விலக்கப்பட்ட நெருங்கிய உறவினரோ) ஒருவரும் இல்லாத இடத்திலும் தயம்மும்தான், ஆனால் ஒரு முஸ்லிம் ஊரில் அந்த நிலை வருவது நமக்கு அழகல்ல.

வயிற்றிலேயே இறந்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு மாதம் நிறைந்த சிசு, உயிரின் அடையாளம் எதுவும் காட்டாவிட்டாலும், குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கப்படும், தொழுகை மட்டும் இல்லை. இது தெரியாததால் பெற்றோர் வைத்தியசாலையில் கேட்பதேயில்லை. கேட்டு வாங்கும்படி சொல்லுங்கள்.

கபன் துணி அறுபது அங்குல அகலத்தில் வாங்கினால் ஒட்டுத் தேவையில்லை. ஆணுக்கு மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் அவரது உயரத்தைவிட இரண்டடி கூடுதலாக. சராசரி உயரத்துக்கு மொத்தம் ஏழு மீற்றர். பெண்ணுக்கு ஐந்து: கீழாடை, சட்டை, தலைத்துணி, மேலே சுற்ற இரண்டு. ஒன்பது மீற்றருக்குக் குறையாது. கரையிலிருந்து இரண்டு அங்குலப் பட்டியாகக் கிழித்துக் கட்டுக்கயிறு ஐந்து எடுக்கலாம். துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து ஒவ்வொன்றிலும் கற்பூரம் தூவி, சுஜூதில் (தொழுகையில் சிரம்பணியும்போது) நிலத்தில் படும் உறுப்புகளிலும் துவாரங்களிலும் கற்பூரம் தொட்ட பஞ்சு வைத்து, மையித்தின் இடப்பக்கத் துணியை முதலில் வலப்பக்கம் மடித்து, வலப்பக்கத் துணியை அதன்மேல் போட வேண்டும். முடிச்சு, இழுத்தால் அவிழ்வதாக இருக்கட்டும். கப்றுக்குள் இருட்டில் கத்தி தேடிய கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறுபிள்ளைக்கும் வெட்டி மடித்த பொதிகள் இரண்டிரண்டு பள்ளியில் எப்போதும் இருந்தால், கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குளித்த நீர் எங்கே போகிறது என்று தயவுசெய்து பாருங்கள். கிண்ணியா போன்ற மணற்பாங்கான ஊர்களில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. ஊறுகுழி கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாத தூரத்தில், மூடியோடு இருக்க வேண்டும். திறந்த கானில் தேங்கினால் நுளம்பு பெருகும், 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு வாட்டியதை யாரும் மறக்கவில்லை. இரத்தம் சிந்திய மேசைக்கு, முப்பது முதல் முப்பத்தைந்து வீதம் குளோரின் உள்ள தூளில் 150 கிராம் எடுத்துப் பத்து லீற்றர் நீரில் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வேறு கழுவும் திரவத்தோடு கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

இனி மையவாடி (அடக்கத் தலம்). கப்றின் ஆழம் ஒரு ஆள் நின்று கை உயர்த்தும் அளவு என்பது சிறந்தது. வாடை பிறந்து மாரி இறங்கினால் நம் மணலில் அது நடக்காது. மூன்றடியிலேயே ஊற்று வரும், பக்கச் சுவர் சரியும். கடமையான அளவு, நாற்றம் வெளியே வராமலும் நாய் தோண்டாமலும் இருக்குமளவுதான். ஆகவே கோடையிலேயே மையவாடியில் ஒரு வரிசையை மூன்றடி மண் கொட்டி உயர்த்தி மாரிக்கென்று ஒதுக்குங்கள். மணலில் பக்கச் சுவரைக் குடைந்த பக்கக்குழி நிற்காது, அடியின் நடுவே வெட்டும் நடுக்குழியே பொருத்தம். வெட்டும்போதே இரண்டு பக்கமும் பலகை அடைப்பு இறக்குங்கள். மேலே மூட, இரண்டரை அடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் இரண்டு அங்குலத் தடிப்பும் உள்ள கொங்கிறீட் பலகை ஒன்பது இருந்தால் ஆறரை அடிக் குழி மூடும். பெட்டியோடு அடக்குவது மக்ரூஹ் என்று அதையும் மறுக்கிறார்கள். அந்த மக்ரூஹ் உறுதியான நிலத்துக்கு. ஈரமான, இளகிய நிலத்துக்கு விலக்கு உண்டு. தண்ணீரில் மையித்தை இறக்கிவிட்டுக் கலங்கி நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கிப்லாவும், அதாவது மக்காவின் கஃபாவை நோக்கிய திசையும், பல மையவாடிகளில் வெறும் மேற்காகவே எடுக்கப்படுகிறது. திருகோணமலையிலிருந்து கஃபா சுமார் 293 பாகையில், அதாவது மேற்கிலிருந்து 23 பாகை வடக்கே இருக்கிறது. மேற்கே பத்தடி அளந்து அங்கிருந்து வடக்கே நாலேகால் அடி போனால் அந்தக் கோடு கிடைக்கும். கப்றின் நீளம் அதற்குச் செங்குத்து, எனவே தலைப்பக்கம் வடக்கிலிருந்து அதே அளவு கிழக்கே சாயும். மே 27 அல்லது 28 பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15 அல்லது 16 பிற்பகல் 2.57க்கும் சூரியன் கஃபாவின் உச்சியில் நிற்கும். அந்நேரம் நேராக நட்ட கம்பின் நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா. ஜூலையில் நமக்கு மழை குறைவு. ஒரு முறை நிழல் பார்த்து இரண்டு கொங்கிறீட் கட்டைகளை நிலத்தில் நாட்டிவிட்டால் தலைமுறைக்கும் போதும்.

பத்திர வேலை சுருக்கமானது. வீட்டு மரணத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, வைத்தியசாலையில் என்றால் வைத்தியரின் மரணக் காரணப் படிவம். ஐந்து நாளுக்குள் பதிவாளரிடம் சொல்ல வேண்டும், மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவென்று அலைய நேரும். விபத்து, நஞ்சு, மூழ்கல், திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி அனுமதிக்கும் வரை குளிப்பாட்டத் தொடங்காதீர்கள். அவசரப்பட்டு அடக்கிய கப்றை நீதிமன்றக் கட்டளையில் திரும்பத் தோண்டுவதை எந்தக் குடும்பமும் தாங்காது.

அடக்கியபின் ஓதும் தல்கீன், இறந்தவருக்காக ஓதும் கத்தம் பற்றி ஊருக்கு ஊர் கருத்து வேறு. இம்மடல் அதற்குள் போகவில்லை. குளிப்பாட்டலில் தரீக்காவினரும் தவ்ஹீத் அணியினரும் தப்லீக் சகோதரர்களும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கலாம்.

மாவட்ட ஜம்இய்யத்துல் உலமாவின் (மார்க்க அறிஞர் சபையின்) ஆலோசனையோடு, ஷஃபான் மாதத்துக்கு முன் ஒரு பயிற்சி, ஹஜ்ஜுக்குப் பின் ஒரு பயிற்சி என்று வைக்கலாம். துணிப் பொம்மையில் செய்து காட்டினால் அரை நாள் போதும், பெண்களுக்குப் பெண்களே நடத்த வேண்டும். பிறகு பழகியவர் ஒருவரோடு மூன்று முறை உதவிக்கு நிற்க விடுங்கள், நான்காவது முறை அவரே முன்னின்று செய்யட்டும். பெயர்களைப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வீட்டாரில் விரும்புகிறவர் உள்ளே வந்து ஒரு குவளையாவது ஊற்ற இடம் கொடுங்கள். உள்ளே கண்டதை வெளியே பேசாதவரையே தெரிவு செய்யுங்கள், பேசினவரை மறுமுறை கூப்பிட வேண்டாம். பொருட்கள் வைத்த அலுமாரிக்கு இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று மோதினாரிடமும் மற்றது பெண்கள் குழுவில் பள்ளிக்கு அருகில் குடியிருப்பவரிடமும் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
ஜனாஸாப் பணியில் ஈடுபட்டுள்ள ஆண்களும் பெண்களும்,
திருகோணமலை மாவட்டம்.